முதல் லேஸ் சால்வை: காப்பு நூல் போட்டுப் பின்னும் முறை

ஸ்வெட்டர் மூன்று முடித்த பிறகுதான் நான் லேஸ், அதாவது வேண்டுமென்றே ஓட்டைகள் விட்டு வடிவம் எடுக்கும் பின்னல், பக்கம் வந்தேன். ஸ்வெட்டரில் ஒரு கண்ணி நழுவினால் கொக்கி ஊசியை விட்டு ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை. லேஸில் அது நடக்காது. ஒரு கண்ணி இறங்கினால் அதற்குக் கீழே இருக்கும் ஓட்டைகளும் அவிழ்ந்துகொண்டே போகும். எது கண்ணி, எது ஓட்டைக்காகச் சுற்றிய நூல் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

இதை நான் ஃபெர்ரியில் கற்றேன். பட்டர்வொர்த்தில் பெரியம்மா வீட்டிலிருந்து பினாங்குத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. மடியில் 38 வரிசை வளர்ந்த சால்வை. எழுந்து பையை எடுக்கப் போனேன், ஊசி கண்ணிகளை விட்டு வழுக்கி வெளியே வந்துவிட்டது. பதினான்கு கண்ணிகள். ஜெட்டி வருவதற்குள் அவற்றில் சில மூன்று வரிசை கீழே இறங்கியிருந்தன. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் விளக்கடியில் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. முழுவதையும் பிரித்துப் பந்தாகச் சுற்றினேன். அடுத்த வாரம் பெரியம்மாவிடம் சொன்னபோது, "காப்புப் போடாமலா பின்னினே?" என்று கேட்டார். ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் தனியாக ஒரு நூலைக் கோத்து விட்டால், மேலே அவிழ்ந்தாலும் பின்னல் அந்த நூலில் நின்றுவிடும். லேஸ் பின்னுகிறவர்கள் லைஃப்லைன் என்று சொல்லும் அந்த நூலை அவர் காப்பு என்பார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் முதலில் காப்புக் கட்டிக்கொள்கிற மாதிரி, லேஸுக்கும் முதலில் காப்பு. அந்தப் பெயரையே நானும் வைத்துக்கொண்டேன்.

கண்ணி ஏற்றுவது, நிட், பர்ல் மூன்றும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நூலும் ஊசியும்

"இந்த வெயிலில் கம்பளியா?" என்று எல்லோரும் கேட்பார்கள். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு இரவு பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. ஆபீஸ் ஏர்கானும் அப்படித்தான். மெல்லிய லேஸ் சால்வை நம் ஊருக்கு ஸ்வெட்டரைவிட நூறு மடங்கு பயன்படும்.

நூல்: 100 கிராமில் 400 மீட்டர் வரும் மெல்லிய கம்பளி, ஒரு கண்டு போதும். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு, கருநீலம் இரண்டும் வேண்டாம், இரவில் கண்ணியே தெரியாது. முதல் முறை பருத்தியும் வேண்டாம். பருத்தி இழுத்த இழுப்புக்கு வந்துவிடும், திரும்பிச் சுருங்காது. என் இரண்டாவது ஸ்வெட்டர் பருத்தி. அலமாரியில் இரண்டு மாதம் ஹேங்கரில் தொங்கியதில் இடுப்பளவு இருந்தது தொடைக்கு வந்துவிட்டது.

ஊசி: 4 மி.மீ., நடுவில் வயர் உள்ள சர்குலர் ஊசி. வாங்கும்போது எண்ணைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். "6" என்று போட்ட ஊசி ஜப்பான் கணக்கில் 3.9 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 4 மி.மீ., பழைய பிரிட்டிஷ் கணக்கில் 5 மி.மீ. பெரியம்மாவிடம் இருப்பவை எல்லாம் பழைய பிரிட்டிஷ் ஊசிகள். அதில் 4 மி.மீ. ஊசியின் எண் 8. எண் கூடக் கூட ஊசி மெலியும். ஜப்பான் ஊசியும் பிரிட்டிஷ் ஊசியும் ஒரே வீட்டில் இருந்தால் ஊசி அளக்கும் துளைப் பலகை ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள்.

மரமா, மூங்கிலா, எஃகா? லேஸுக்கு என் ஓட்டு கூர்மையான மரத்துக்கு. எஃகில் கண்ணி வழுக்குகிறது. மூங்கில் மலிவு, ஆனால் நம் ஊர்ப் பிற்பகலில் கை வியர்த்தால் நூல் அதில் ஒட்டி நகர மறுக்கும். ஃபெர்ரியில் நழுவியதும் மூங்கில் ஊசிதான். அதில் வயர் கிடையாது, நீளமான நேர் ஊசி. சர்குலராக இருந்திருந்தால் கண்ணிகள் வயருக்கு நகர்ந்து பத்திரமாக இருந்திருக்கும்.

இவற்றோடு மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி ஒன்று, அடையாள வளையம் நான்கு, காப்புக்கு நூல்.

காப்புக்கு எந்த நூல்?

முதலில் நான் எடுத்தது லிட்டில் இந்தியாவில் பூக் கட்ட வாங்கிய சிவப்பு நூல். கையில் இருந்தது, நிறமும் பளிச்சென்று தெரிந்தது. சால்வை முடிந்ததும் கடைசிக் காப்பை எடுக்க மறந்து தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். வெண்ணெய் நிறக் கம்பளியில் குறுக்கே ஒரு இளஞ்சிவப்புக் கோடு. இன்னும் இருக்கிறது. ஆகவே சாயம் போகும் நூல் கூடாது.

பல்லிடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைப் பலர் பரிந்துரைப்பார்கள். மெழுகு தடவாததாக இருந்தால் நன்று. எனக்குப் பிடித்தது தூண்டிலுக்கான மெல்லிய நைலான் நரம்பு. தீவில் எந்தத் தூண்டில் கடையிலும் கிடைக்கும். கம்பளியின் மயிர் அதில் ஒட்டாது. ஒரே குறை, வழுக்கி வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளம் விட்டு முனைகளில் பெரிய முடிச்சுப் போடுங்கள்.

வடிவம்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளிலிருந்து வந்த பழைய அலை வடிவம் இது. ஓல்டு ஷேல் என்று பெயர். ஃபெதர் அண்ட் ஃபேன் என்றும் சொல்கிறார்கள். திருமண மோதிரத்துக்குள் முழுச் சால்வையையும் நுழைத்து இழுக்கும் அளவுக்கு மெல்லியதாகப் பின்னியவர்கள் அந்தத் தீவுக்காரர்கள். நாம் அவ்வளவு தூரம் போகப் போவதில்லை. நான்கே வரிசை, அதில் ஒன்றுதான் கவனம் கேட்கும் வரிசை.

60 கண்ணி ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு மட்டும் 5 மி.மீ. ஊசி, ஓரம் தளர்வாக இருந்தால்தான் அலை வளையும். பிறகு 4 மி.மீ. ஊசிக்கு மாறி நான்கு வரிசை வெறும் நிட். இந்த இடத்தில் முதல் காப்பு (போடும் முறை கீழே). அப்புறம்:

வரிசை 1: எல்லாம் நிட்.

வரிசை 2: 3 நிட், 54 பர்ல், 3 நிட்.

வரிசை 3: 3 நிட். பிறகு இந்தக் கட்டத்தை மூன்று முறை: (இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒரு நிட்) மூன்று தடவை; (நூலை ஊசிமேல் ஒரு சுற்று, ஒரு நிட்) இந்த ஜோடி ஆறு தடவை; மறுபடி (இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒரு நிட்) மூன்று தடவை. கடைசியில் 3 நிட்.

வரிசை 4: எல்லாம் நிட்.

கட்டம் ஒன்றுக்கு 18 கண்ணி. ஆறு குறைகிறது, ஆறு கூடுகிறது, கணக்கு மாறாது. கட்டங்களுக்கு நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் வளையம் போடுங்கள். வளையத்துக்குப் பக்கத்தில் நூல் சுற்று வராத வடிவம் இது, அதனால் வளையம் ஓட்டைக்குள் நழுவி இடம் மாறாது. புதியவர்களுக்கு இதையே நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரிசை 3 முடிந்ததும் வளையத்துக்கு வளையம் 18 இருக்கிறதா என்று எண்ணுங்கள். 17 வந்தால் ஒரு சுற்று விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் கட்டத்தின் முதல் சுற்றாக இருக்கும். மூன்று முறை சேர்த்துப் பின்னிய வேகத்தில் கை நேராக நிட்டுக்குப் போய்விடுகிறது. பிரிக்க வேண்டாம். நான்காவது வரிசையில் அந்த இடம் வரும்போது, இரண்டு கண்ணிகளுக்கு நடுவே குறுக்கே ஓடும் நூலை இடது ஊசியால் தூக்கி, முறுக்காமல் அப்படியே நிட் பின்னுங்கள். ஓட்டை கொஞ்சம் சிறியதாகத் தெரியும், நனைத்து விரித்தால் சமமாகிவிடும்.

காப்புப் போடுவதும் திரும்புவதும்

வரிசை 4 முடிந்து, 60 எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் காப்பு. தப்பான வரிசையில் போட்ட காப்பு தப்பைத்தான் காக்கும். நான்காவது வரிசையில் போட்டால் திரும்பி வரும்போது எப்போதும் வரிசை 1இல் தொடங்கலாம், எங்கே இருக்கிறோம் என்ற குழப்பமே வராது. எட்டு வரிசைக்கு ஒரு காப்பு, அதாவது வடிவம் இரண்டு முறை முடிந்ததும். புதியதைப் போட்ட பிறகும் பழையதை எடுக்காதீர்கள். இரண்டு எப்போதும் இருக்கட்டும், மூன்றாவது போடும்போது முதலாவதை உருவிக்கொள்ளலாம்.

கண்ணிகளை ஊசியிலேயே விட்டுவிடுங்கள். நரம்பைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியின் அடிவயிற்றை ஒட்டி ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் விட்டு எடுங்கள். ஐந்து ஐந்தாக விடலாம். கண்ணியின் நூலை ஊசி குத்திப் பிளந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் மழுங்கிய முனை. வளையத்துக்குள் நரம்பு போகக் கூடாது, வளையத்தைத் தாண்டிப் போகட்டும். முதல் முறை வளையங்களையும் சேர்த்துக் கோத்துவிட்டேன். அடுத்த வரிசையில் ஒரு வளையமும் மேலே வரவில்லை, பிளேடால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. சில விலை கூடிய ஊசிகளில் முனையை இறுக்கும் சாவிக்கென ஒரு சிறு துளை இருக்கும், அதில் நூலைக் கட்டிக் காப்பு இழுக்கிறவர்கள் உண்டு. முதல் சால்வைக்குக் கையால் கோப்பதே நல்லது. ஒவ்வொரு கண்ணியையும் கண்ணால் பார்த்த மாதிரியும் ஆகும்.

தவறு நடந்துவிட்டது, பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். ஊசியை முழுவதும் உருவி எடுங்கள். பயமாகத்தான் இருக்கும், எடுங்கள். நூலை மெதுவாக இழுத்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்து காப்பில் நின்றுவிடும். கண்ணிகள் 60ம் நரம்பில் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது மனது லேசாகும்.

என்னைத் தடுக்கி விழவைத்தது இதற்கு அடுத்த இடம். கண்ணிகளை ஊசிக்கு ஏற்றும்போது, நூல் தொங்கும் பக்கத்தில் ஊசியின் கூர் வந்து நிற்க வேண்டும். நேர் ஊசியாக இருந்தால் நூல் இல்லாத பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும் என்று அர்த்தம். நான் மறுபக்கத்திலிருந்து நுழைத்து, 60ஐயும் ஏற்றி முடித்த பிறகு பார்த்தால் நூல் ஊசியின் குண்டு முனையில் தொங்குகிறது. திரும்பவும் மாற்றியதில் நாலு கண்ணி போனது. சர்குலரில் இரண்டு முனையும் கூர், இந்தத் தொல்லையே இல்லை. ஏற்றுவதற்கு மட்டும் 3 மி.மீ. மெல்லிய ஊசியை எடுத்தால் நரம்பின் பக்கத்திலேயே சுலபமாக நுழையும், அடுத்த வரிசையை 4 மி.மீ. ஊசியால் பின்னிக்கொள்ளலாம். ஒவ்வொரு கண்ணிக்கும் வலது கால், அதாவது வளைவின் வலது பக்க நூல், ஊசிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் இருந்தால் பின்னும்போது திருப்பிக்கொள்ளுங்கள். நரம்பு அங்கேயே இருக்கட்டும், உருவ வேண்டாம்.

முடிப்பது, விரிப்பது

சமையல் தராசில் மீதி நூல் 5 கிராமுக்கு இறங்கியதும் மூன்று வரிசை நிட் போட்டு முடியுங்கள். சாதாரண முடிப்பு இறுக்கும். இரண்டு நிட் பின்னி, அந்த இரண்டையும் இடது ஊசிக்குத் திருப்பி, பின்பக்கமாக ஊசி விட்டு இரண்டையும் சேர்த்து நிட். பிறகு ஒரு நிட், மறுபடி இரண்டையும் திருப்பிச் சேர்த்து நிட். இப்படியே கடைசிவரை. ஓரம் நன்றாக நீளும்.

இப்போது கையில் இருப்பது கசங்கிய துணிப்பட்டை மாதிரித் தெரியும். மனம் தளர வேண்டாம், லேஸ் நனைந்து விரிந்த பிறகுதான் லேஸ். காப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஆறிய தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். பிழியாதீர்கள். துவாலையில் சுருட்டி மேலே காலால் மிதியுங்கள். பிள்ளைகள் விளையாடும் எழுத்துப் பஞ்சுப் பாய்களைக் கோத்து விரித்து, அதன்மேல் சால்வையை இழுத்து, ஒவ்வொரு அலையின் முனைக்கும் ஒரு குண்டூசி. துருப்பிடிக்காத குண்டூசியாக இருக்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் சாதாரண குண்டூசி ஒரே இரவில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். வெயிலில் காயவைக்காமல் மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். கம்பளி என்றால் மறுநாள் காய்ந்துவிடும், மழை நாளில் இன்னொரு நாள் கூடுதலாக ஆகலாம். முழுக்கக் காயாமல் குண்டூசியை எடுத்தால் அலை மறுபடி சுருங்கிவிடும்.

பின்னர் சேர்த்தது

கிள்ளானிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார், இரண்டிரண்டாகச் சேர்க்கும் இடத்தில் ஊசியே நுழையவில்லை என்று. படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், வரிசை 2இன் பர்ல் மிக இறுக்கமாக இருந்தது. பர்ல் வரிசையை மட்டும் 4.5 மி.மீ. ஊசியால் பின்னச் சொன்னேன், சரியாகிவிட்டது. ஊசி முனை மழுங்கலாக இருந்தாலும் இதே சிக்கல் வரும்.

இன்னொருவர் அக்ரிலிக் நூலில் பின்னி, நனைத்து விரித்தும் அலை நிற்கவில்லை என்றார். அக்ரிலிக்குக்குத் தண்ணீர் போதாது, ஆவி வேண்டும். குண்டூசி குத்தி விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள். பெட்டி நூலைத் தொட்டால் உருகிவிடும். ஒருமுறை ஆவி பட்ட அக்ரிலிக் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆகவே முதலில் 42 கண்ணியில் ஒரு சிறு மாதிரி பின்னி அதில் செய்து பாருங்கள். ஓரத்துக்கு மூன்று மூன்றும் நடுவில் இரண்டு கட்டமும் அதில் சரியாக அடங்கும்.