ஜன்னல் கசிவும் சிலிகான் கன்னும்: என் அனுபவம்

ஐப்பசி அடைமழையில் எங்கள் அலுமினிய ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நீர் கசிந்தது. அடைக்க சிலிகான் பசை போதும். படுத்தி எடுத்தது வீட்டில் கிடந்த கன், அதாவது பிடியை அழுத்தினால் ஒரு தண்டு நகர்ந்து குழாயிலிருந்து பசையைப் பிதுக்கும் கருவி. அதன் தண்டில் பல் பல்லாக வெட்டியிருந்தது. பல்லுக்குப் பல் தாவும்போது பசை திட்டுத் திட்டாக விழும். பிடியை விட்ட பிறகும் குழாயின் நுனியில் பசை வழிந்துகொண்டே இருக்கும்.

ஹார்டுவேர் கடையில் பல் இல்லாத, வழவழப்பான தண்டு உள்ளதைக் கேட்டு வாங்கினேன். பிடியை விட்டதும் தண்டு சற்றே பின்வாங்கி அழுத்தத்தைத் தளர்த்துகிறது. சொட்டவே சொட்டாது என்று கடைக்காரர் அளந்தார். ஒரு சொட்டு வரத்தான் செய்கிறது.

கன்னின் அட்டையில் போட்டிருக்கும் உந்து விகிதம்தான் முக்கியம். 12:1 என்றால், கை கொடுக்கும் பலத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு தண்டு தள்ளும். சிலிகான், அக்ரிலிக் பசைகளுக்கு அது தாராளம். கெட்டியான பாலியூரித்தேன் பசைக்கு 18:1 அல்லது அதற்கு மேல் பார்க்கலாம். விகிதம் கூடக்கூட ஒவ்வோர் அழுத்தலுக்கும் தண்டு நகரும் தூரம் குறையும். சாதாரண சிலிகானுக்கு 26:1 வாங்கினால் அழுத்தி அழுத்தியே கை ஓய்ந்துவிடும்.

பழைய பசையைச் சுரண்டி, இடுக்கு நன்றாகக் காய்ந்த வெயில் நாளில் வேலையைத் தொடங்கினேன். பசைக் குழாயின் நுனியை 45 டிகிரி சாய்வில், இடுக்கின் அகலத்துக்கு வெட்டினேன். குழாயின் வாயை மூடியிருக்கும் உள்சவ்வைக் கம்பியால் குத்தி, நிறுத்தாமல் ஒரே சீராக இழுத்து, சோப்பு நீர் தொட்ட விரலால் நீவிவிட்டேன். கார்த்திகை மழைக்கு அந்தச் சுவர் நனையவில்லை.