அடக்கிப் புரதம் மரபணுவை மூடித் திறக்கும் விதம்: தாளும் புளியங்கொட்டையும் கொண்டு ஒரு செய்முறை

ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அவை அனைத்தையும் எந்நேரமும் படியெடுத்துப் புரதமாக்கிக்கொண்டிருந்தால், அதன் ஆற்றலில் பெரும்பகுதி தேவையற்ற வேலையிலேயே கரைந்துவிடும். பால் சர்க்கரையான லாக்டோஸ் கிடைக்காத வேளையில் அதை உடைக்கும் நொதியை உருவாக்குவது அப்படிப்பட்ட வேலைதான். அதனால் அந்த நொதிக்குரிய மரபணுவை ஓர் அடக்கிப் புரதம் மூடி வைக்கிறது. லாக்டோஸ் வந்தபின் விலகி வழிவிடுகிறது. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் இந்த ஏற்பாட்டை 1961-இல் விளக்கினார்கள். இதை மனப்பாடம் செய்வதைவிடக் கையால் நகர்த்திப் பார்த்தால்தான் தெளிவாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு தாள், ஒரு பென்சில், சில புளியங்கொட்டைகள், சில மிளகுகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வரைபடம்

தாளின் குறுக்கே நீளமாக ஒரு கோடு வரையுங்கள், அதுதான் டி.என்.ஏ. இடது ஓரத்தில் 'லேக் ஐ' என்று ஒரு கட்டம் இடுங்கள். அடக்கிப் புரதத்துக்கான மரபணு இது. இது எப்போதும் சிறிதளவு வேலை செய்துகொண்டே இருக்கும். சற்று வலப்புறம் 'ஊக்குவிப்பான்' என்றும், அதை ஒட்டியே 'இயக்கி' என்றும் குறித்து, அதன்பின் 'இசட்', 'ஒய்', 'ஏ' என மூன்று கட்டங்களை வரிசையாக வரையுங்கள். இசட் தரும் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி லாக்டோஸைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைக்கிறது. ஒய் தரும் பெர்மியேஸ் லாக்டோஸை உயிரணுவுக்குள் கொண்டுவருகிறது. ஏ நமக்கு இங்கே தேவைப்படாது. மூன்றும் ஒரே தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவதால், மூன்றுக்கும் சேர்த்து ஒரு பூட்டே போதும். இந்தத் தொகுப்புக்கு லேக் ஓபரான் என்று பெயர்.

படி 2: மூடுதல்

பென்சில் முனையை ஊக்குவிப்பானில் வையுங்கள். படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இதுவே, வலப்புறம் ஓடினால்தான் மூன்று மரபணுக்களும் வெளிப்படும். இப்போது அடக்கிப் புரதமாக ஒரு புளியங்கொட்டையை இயக்கியின் மேல் வையுங்கள். பென்சிலால் முன்னேற முடியவில்லை அல்லவா? அடக்குதல் என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கொட்டை தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் விதம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. இந்த பாக்டீரியத்தின் டி.என்.ஏ. ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) கொண்டது. நாம் வரைந்த முதன்மை இயக்கியோ வெறும் 21 இணைகள் அளவுள்ளது. ஓர் உயிரணுவில் இருக்கும் அடக்கி மூலக்கூறுகளும் ஏறக்குறைய பத்துதான். அவை எந்த டி.என்.ஏ.வையும் தளர்வாகப் பற்றி அதன்மேல் வழுக்கிச் செல்கின்றன. இழைகளைப் பிரிக்காமலேயே, பள்ளங்களில் தெரியும் கார விளிம்புகளைத் தடவிப் படித்து, உரிய வரிசை வந்ததும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் தலா 360 அமினோ அமிலங்கள் உள்ள நான்கு ஒத்த சங்கிலிகளால் ஆனது. அவற்றில் ஓர் இணை முதன்மை இயக்கியைப் பற்ற, மற்றோர் இணை அருகிலுள்ள இரண்டு துணை இயக்கிகளில் ஒன்றைப் பற்றி டி.என்.ஏ.வை வளையமாக மடக்குவதால் பிடி மேலும் இறுகுகிறது.

படி 3: திறத்தல்

ஒரு மிளகை எடுத்துப் புளியங்கொட்டையின் பக்கத்தில் ஒட்ட வையுங்கள். மிளகு என்பது லாக்டோஸ் அல்ல. லாக்டோஸிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ். தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. மிளகு டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதியில் ஒட்டுவதில்லை. வேறோர் இடத்தில் ஒட்டி, புரதத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றுகிறது. அதனால் பிடி தளர்கிறது. கொட்டையை விலக்கிவிட்டுப் பென்சிலை ஓட்டுங்கள். நொதியின் அளவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு உயரக்கூடும்; குளுக்கோஸும் மிகுதியாக இருந்தால் மட்டும், வேறொரு கட்டுப்பாட்டின் காரணமாக, பென்சில் மந்தமாகவே ஓடும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். லாக்டோஸ் உள்ளே வரப் பெர்மியேஸ் வேண்டும்; அல்லோலாக்டோஸ் உருவாகப் பீட்டா-கேலக்டோசிடேஸ் வேண்டும். பூட்டிய நிலையில் இவை இரண்டும் எங்கிருந்து வரும்? கொட்டையைச் சில நொடிகள் தூக்கிவிட்டு மீண்டும் வையுங்கள். அடக்கிப் புரதம் அவ்வப்போது தானாகவே விலகித் திரும்புகிறது. அந்த இடைவெளியில் ஓரிரு படிகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. அந்தக் கசிவில் உருவாகும் சில மூலக்கூறுகளே முதல் மிளகைத் தயாரிக்கப் போதுமானவை. கசிவே இல்லாத பூட்டாக இருந்திருந்தால், லாக்டோஸ் வந்த செய்தி உள்ளே எட்டியே இருக்காது.

படி 4: பழுதை ஆராய்தல்

லேக் ஐ பழுதானால் கொட்டையே உருவாகாது. இயக்கி பழுதானால் கொட்டை இருந்தும் அமர இடமில்லை. இரண்டிலும் மரபணுக்கள் எப்போதும் திறந்தே கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் இவற்றை எப்படி வேறுபடுத்துவது?

முதல் கோட்டுக்குக் கீழே, எந்தப் பழுதும் இல்லாத இரண்டாவது கோடு ஒன்றை வரையுங்கள்; அதாவது, அதே உயிரணுவுக்குள் இன்னொரு பிரதியைச் சேர்க்கிறோம். பழுது லேக் ஐ-யில் இருந்தால், கீழ்க்கோட்டில் உருவாகும் கொட்டைகள் மிதந்து சென்று மேற்கோட்டின் இயக்கியிலும் அமர்ந்து இரண்டையும் மூடிவிடும். பழுது இயக்கியில் இருந்தால் எத்தனை கொட்டைகள் வந்தாலும் பயனில்லை. மேற்கோடு திறந்தே இருக்கும், கீழ்க்கோடு மட்டும் மூடும். இத்தகைய சோதனைகளின் வழியாகவே, அடக்கி என்பது உயிரணுவுக்குள் இடம்பெயரும் ஒரு தனிப் பொருள் என்ற முடிவுக்கு ஜாக்கோபும் மோனோவும் வந்தார்கள். அப்போது அதை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை, அது ஆர்.என்.ஏ.வாக இருக்கக்கூடும் என்றுகூட அவர்கள் கருதினார்கள். வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966-இல் ஹார்வர்டில் பிரித்தெடுத்த பிறகே அது புரதம் என்பது உறுதியாயிற்று.

படி 5: தலைகீழ்ப் பூட்டு

டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணுக்களுக்கு விதி தலைகீழானது. அங்கே கொட்டை தனியாக இயக்கியில் அமராது. டிரிப்டோஃபன் என்ற மிளகு ஒட்டினால்தான் அமரும். பொருள் போதிய அளவு சேர்ந்ததும் அதன் தயாரிப்பு நிற்க வேண்டும் என்பதற்கு இதுவே பொருத்தமான ஏற்பாடு.

இறுதியாக ஒரு பயிற்சி. மிளகு ஒட்டவே முடியாதபடி மாறிப்போன கொட்டையை உருவாக்கும் லேக் ஐ மேற்கோட்டிலும், நல்ல லேக் ஐ கீழ்க்கோட்டிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இயக்கிகளும் பழுதற்றவை. லாக்டோஸைச் சேர்த்தால் எந்தக் கோடு திறக்கும் என்பதைக் கொட்டைகளை நகர்த்திப் பார்த்து, காரணத்தோடு தாளின் ஓரத்தில் எழுதுங்கள்.