புதியவரின் கட்டுரையை நீக்காமல் நகர்த்துங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் புதுப் பயனர் ஒருவர் மேற்கோள் எதுவும் இல்லாமல் கட்டுரை தொடங்கியிருந்தால், உடனே நீக்கல் வார்ப்புருவை (கட்டுரையை நீக்கக் கோரும் ஆயத்த அறிவிப்பை) ஒட்டாதீர்கள். முதலில் அவருடைய பங்களிப்புகளைப் பாருங்கள். நாலைந்து தொகுப்புகள்தான் (திருத்தங்கள்தான்) இருந்தால், கட்டுரையை அவருடைய மணல்தொட்டிக்கு, அதாவது அவர் எழுதிப் பழகும் பக்கத்துக்கு, நகர்த்திவிட்டு, அவருடைய பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: "உங்கள் ஊர்க் கோயில் கட்டுரையை உங்கள் மணல்தொட்டியில் வைத்திருக்கிறேன். கல்வெட்டுத் தகவலுக்கு ஒரு நூலை மேற்கோளாகச் சேருங்கள், மறுபடி பொதுவெளிக்கு மாற்றிவிடலாம்."

நகர்த்தும்போது எழுத்தும் தொகுப்பு வரலாறும் அப்படியே கூடப் போகும். அதனால் அவர் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, நீக்கல் உரையாடலில் உங்கள் நேரமும் போகாது. அவருக்கென்றே எழுதிய அந்தக் குறிப்புதான் முக்கியம். வெறும் வார்ப்புரு அறிவிப்பைப் பார்த்தால் புதியவர்கள் மனம் விட்டுப்போய் ஒதுங்கிவிடுவார்கள். அப்புறம், பழைய தலைப்பில் வழிமாற்று (புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் பக்கம்) மிஞ்சும். அதை நீக்கும்படி நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியது, உயிருடன் இருப்பவரைப் பற்றிய ஆதாரமற்ற அவதூறு, அப்பட்டமான விளம்பரம் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவை மணல்தொட்டியிலும் இருக்கக் கூடாது, நீக்கத்தான் வேண்டும்.