லைனில் தொடர் கெபாசிட்டர்: கோட்டை விடும் இடங்கள்

இரண்டு துணைமின் நிலையங்களுக்கு நடுவே இரண்டு 400 கேவி லைன்கள். ஒன்றின் ரியாக்டன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்கு லைன் காட்டும் எதிர்ப்பு) 60 ஓம், மற்றது 40 ஓம். 1,000 மெகாவாட் அனுப்பினால் முதல் லைனில் 400, இரண்டாவதில் 600 போகும். இரண்டாவது லைன் திணறுகிறது என்றதும் முனையில் எஸ்விசியோ ஸ்டாட்காமோ (வோல்டேஜைச் சீராக்கும் கருவிகள்) வைக்கச் சொல்பவர்கள் உண்டு. அவை பஸ்ஸின் (துணைமின் நிலையத்தில் லைன்கள் வந்து சேரும் பொதுக் கம்பியின்) வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும்; பங்கீடு அப்படியேதான் இருக்கும். 60 ஓம் லைனில் 20 ஓம் கெபாசிட்டரைத் தொடராகப் போட்டால் அது லைனின் ரியாக்டன்ஸில் 20 ஓமைக் கழித்துவிடும்; ஆளுக்கு 500 மெகாவாட். அந்த 20 ஓமைக் கூட்டிக் குறைக்க உதவுவதுதான் டிசிஎஸ்சி (தைரிஸ்டரால் கட்டுப்படுத்தப்படும் தொடர் கெபாசிட்டர்): கெபாசிட்டருக்கு இணையாக ஒரு ரியாக்டர் (கம்பிச் சுருள்), அதை இயக்கத் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச்.

எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம் என்ற நினைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். 20 ஓம் கெபாசிட்டருடன் 3.2 ஓம் ரியாக்டர் இருப்பதாக வையுங்கள். தைரிஸ்டரை இயக்கிவிடும் நேரத்தைக் குறிக்கும் ஃபயரிங் கோணம் 180 டிகிரியில் (கெபாசிட்டர் வோல்டேஜின் சுழியிலிருந்து அளந்தால்) வெறும் 20 ஓம். 150-ல் 43 ஓம். 148-ல் 61. 146-ல் 115! 144-ல் ஒத்ததிர்வு (ஓம் கட்டுக்கடங்காமல் எகிறும் நிலை), அதற்குக் கீழே கெபாசிட்டரே ரியாக்டராக மாறிவிடும். 148-லேயே லைனின் 60 ஓம் முழுவதும் காலி. கன்ட்ரோலரில் கோணத்தின் கீழ் வரம்பை இறுக்கிக் கட்டாவிட்டால், தைரிஸ்டரை இயக்கும் பல்ஸ் ஒரு டிகிரி பிசகினாலும் ஆபத்து. ரியாக்டரை இன்னும் சிறிதாக்கி, கெபாசிட்டர் ஓமை ரியாக்டர் ஓமால் வகுத்த விகிதம் 9-ஐத் தாண்டினால் இன்னொரு ஒத்ததிர்வும் வந்து சேரும். அதனால்தான் பெரும்பகுதியை நிலையான கெபாசிட்டராகவே வைத்து, சிறுபகுதியை மட்டும் தைரிஸ்டர் பிடியில் விடுகிறார்கள்.

ரிலே செட்டிங்கைத் தொடாமல் விடுவது அடுத்த தவறு. ஃபால்ட் எவ்வளவு தூரத்தில் என்பதை ஓமில் அளந்து லைனைத் துண்டிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேயின் முதல் மண்டலம் (உடனே டிரிப் செய்யும் பகுதி) வழக்கம்போல லைனின் 80 சதவீதம், அதாவது 48 ஓம். கெபாசிட்டர் வந்தபின் முழு லைனே ரிலேக்கு 40 ஓமாகத்தான் தெரியும். அடுத்த லைனில் நடக்கும் ஃபால்ட்டுக்கு இந்த லைன் டிரிப் ஆகும். 32 ஓமுக்கு மேல் வைக்காதீர்கள்; பூஸ்ட் (கோணத்தைக் குறைத்து கெபாசிட்டர் ஓமைக் கூட்டுவது) கொடுப்பதாக இருந்தால் இன்னும் கீழே. பிரதானப் பாதுகாப்பாக லைன் டிஃபரன்ஷியல் (லைனின் இரு முனை மின்னோட்டங்களையும் ஒப்பிடும் ரிலே) இருந்தால் பாதித் தலைவலி தீரும்.

ஜெனரேட்டர் விஷயம்தான் விலை உயர்ந்தது. 40 ஓம் லைன் டிரிப் ஆகி, ஓர் அனல்மின் யூனிட் இந்த லைனை மட்டும் நம்பி நிற்கிறது என்று வையுங்கள். கெபாசிட்டரும் மொத்த ரியாக்டன்ஸும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓர் அதிர்வெண்ணில் ஊசலாடும். இங்கே லைனின் 60 ஓமை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவார்கள்: 28.9 ஹெர்ட்ஸ். ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மரின் 40 ஓமையும் சேர்த்தால் 22.4. ஜெனரேட்டரையும் டர்பைனையும் இணைத்துச் சுழலும் தண்டான ஷாஃப்ட்டில் தெரிவது 50-லிருந்து இதைக் கழித்த மிச்சம்: 27.6 ஹெர்ட்ஸ். டர்பைன் ஷாஃப்ட்டின் முறுக்கு அதிர்வு அதை ஒட்டியிருந்தால் ஊசல் அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவின் மொஹாவி நிலையத்தில் 1970-லும் 1971-லும் ஷாஃப்ட் சேதமானது இப்படித்தான். காற்றாலைக்கு ஷாஃப்ட் கவலை இல்லை என்று அசட்டையாகவும் இருக்க முடியாது. 2009-ல் டெக்சாஸில் ஒரு லைன் டிரிப் ஆகி, காற்றாலைகள் தொடர் கெபாசிட்டர் லைனில் தனியே மாட்டிக்கொண்டபோது அவற்றின் கன்வர்ட்டர் (மின்சாரத்தை மாற்றித்தரும் மின்னணுக் கருவி) கட்டுப்பாடே ஊசலை வளர்த்துவிட்டது.

டிசிஎஸ்சி இருந்தால் இந்த ஊசல் வராது என்பதும் அரைகுறை உண்மை. தைரிஸ்டர் பகுதி பூஸ்ட் கொடுத்து இயங்கும்போது அந்தத் தாழ் அதிர்வெண்ணுக்கு ரியாக்டர்போலத் தெரியும். ஊசலுக்கு இடம் தராது. 180 டிகிரியில் சும்மா விட்டால் அதுவும் சாதாரணக் கெபாசிட்டர்தான். லோடு குறைந்த நேரத்திலும் கொஞ்சம் பூஸ்டில் ஓட்டுங்கள்.