அடுத்த பைக் எடுக்கப் போறியளா? ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி உங்க ரோட்டைப் பாருங்க

பொங்கல் போனஸ், சீட்டுப் பணம், நெல்லு போட்ட காசு, ஏதாவது கையில வந்துட்டா போதும், "அண்ணே என்ன வண்டி எடுக்கலாம்"னு யாராவது ஒருத்தர் நம்மகிட்ட வந்துருவாவ. நான் எந்த வண்டி பேரையும் சொல்லமாட்டேன். திருப்பி நாலு கேள்வி கேப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க, எந்த ரோட்டுல, பின்னாடி யாரு உக்காருவா, ராத்திரி வண்டி எங்க நிக்கும். இந்த நாலுக்கும் உண்மையான பதில் சொல்லிட்டாலே பாதி வண்டி தானா கழிஞ்சிரும், மிச்சம் இருக்குற ரெண்டு மூணுல கலர் பாத்து எடுத்தாக்கூட தப்பு வராது.

ஏன் ரோட்டைக் கேக்கேன்னா நம்ம திருநெல்வேலிப் பக்கம் எல்லா ரோடும் ஒண்ணு கெடையாது. பாளையங்கோட்டையில இருந்து சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியா அம்பாசமுத்திரம் போறவருக்கு ரெண்டு பக்கமும் வயக்காடு, அறுப்பு நேரத்துல வைக்கோல் டிராக்டர் பின்னாடி உருட்டிக்கிட்டே போகணும், சாயங்காலம் பூச்சி கண்ணுல அடிக்கும், அவருக்கு தேவை நல்ல ஹெட்லைட்டும் கீழ் வேகத்துல தெணறாம இழுக்குற இன்ஜினும்தான். நாங்குநேரி, வள்ளியூர்னு நாலுவழிச்சாலையில தெனமும் போறவருக்கு கதையே வேற, ஆனி ஆடியில பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் காத்தாலை சுத்துற இடத்துல பக்கவாட்டுல அடிக்கிற காத்து 112 கிலோ இருக்குற ஸ்ப்ளெண்டரை லேன்ல இருந்து ஒரு முழம் தள்ளி வச்சிரும், பக்கத்துல லாரி வேற போகும். அந்த ரோட்டுல தெனமும் போறவர் 150, 160 சிசியோ அதுக்கு மேலயோ, கொஞ்சம் கனமான வண்டியா, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாக்குற சாமான்) உள்ளதா எடுக்கணும்னுதான் நான் சொல்லுவேன். டவுன் ரத வீதி, ஜங்ஷன், வண்ணார்பேட்டைக்குள்ளயே சுத்துறவருக்கு 195 கிலோ ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எதுக்கு, நின்னு நின்னு போறதுல இடது கை கிளட்ச் பிடிச்சே மரத்துப் போகும்.

மைலேஜ் கணக்கை மனசுல போடாதீங்க, பேப்பர்ல போடுங்க. தெனமும் 50 கிலோமீட்டர், மாசம் 25 நாள்னா 1250 கிலோமீட்டர். லிட்டருக்கு 60 குடுக்குற வண்டிக்கு 21 லிட்டர், 35 குடுக்குற வண்டிக்கு 36 லிட்டர் ஆகும், வித்தியாசம் 15 லிட்டர். லிட்டர் 100 ரூவான்னே வச்சுக்கிட்டாலும் மாசம் 1500, வருசத்துக்கு 18,000 ரூவா. அஞ்சு வருசம் ஓட்டினா இன்னொரு வண்டி விலை அது. ஆனா தெனமும் 10 கிலோமீட்டர்தான் ஓட்டுறீங்கன்னா அதே கணக்குல மாசம் 300 ரூவாதான் வித்தியாசம் வரும், அப்போ மைலேஜுக்காக மனசுக்குப் பிடிச்ச வண்டிய விட்டுறாதீங்க. நெறைய பேரு இதை தலைகீழா செய்யுதாவ, கொஞ்சம் ஓட்டுறவர் மைலேஜ் பாக்காரு, நெறைய ஓட்டுறவர் ஸ்டைல் பாக்காரு.

பின்னாடி அம்மாவோ ஆச்சியோ உக்காருவாங்கன்னா அவங்களையும் கூட்டிட்டுப் போய் உக்காத்தி வச்சுப் பாருங்க. இப்ப வர்ற பல வண்டியில பின் சீட் ஏறி நிக்குது, சேலை கட்டி ஒரு பக்கமா உக்காந்தா கால் வைக்க இடமில்ல, சாரி கார்டு பேருக்கு ஒரு கம்பிதான். ஷோரூம்ல இதை ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. அப்புறம் உங்க ஊர்ல அந்த வண்டிக்கு ஆள் இருக்கான்னு பாருங்க, களக்காட்டுலயோ திசையன்விளையிலயோ இருக்குறவர் ஒரு கிளட்ச் கேபிளுக்காக திருநெல்வேலி வரைக்கும் வரணும்னா அது தெனசரி வண்டி இல்ல.

சரி, புதுசா பழசா. புதுசு எடுக்குறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா கொறைஞ்சிருச்சு, அதுக்கு மேல உள்ள வண்டிக்கு 40. அதனால அன்றாட வண்டி எல்லாம் விலை இறங்கிருக்கு. 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டி எல்லாத்துக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம், 125 வரைக்கும் ரெண்டு பிரேக்கும் சேந்து பிடிக்கிற சிபிஎஸ் இருந்தா போதும்னு வச்சாங்க. சிபிஎஸ்ஸும் ஏபிஎஸ்ஸும் ஒண்ணுன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க. சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்காம பாக்குறது ஏபிஎஸ்தான்.

லோன் போடுறவங்க ஒண்ணு கவனிக்கணும். "பத்து பர்சன்ட்தான் சார்"னு சொன்னா ஃப்ளாட்டா, கொறையுற பாக்கிக்கான்னு கேளுங்க. 80,000 ரூவாய்க்கு மூணு வருசம் ஃப்ளாட் 10ன்னா வட்டி மட்டும் 24,000, மாசம் 2889 ரூவா கட்டணும். நீங்க பாதி அசலை அடைச்ச பிறகும் முழு 80,000க்கும் வட்டி ஓடிட்டே இருக்கும், அதனால உண்மைக் கணக்குல அது ஏறக்குறைய 18 சதவீதம். நகைக்கடன் இதைவிட கம்மியா கெடைக்குதான்னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க.

இனி பழைய வண்டி. இதுலதான் நான் காசை விட்டேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்லுதேன்.

2023 டிசம்பர் 17, 18ல வந்த மழை நம்ம யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டிச்சு, தாமிரபரணி கரை ஏறி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைன்னு உள்ள வந்துச்சு, கீழ ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் அதைவிட மோசம். எத்தனை வண்டி ரெண்டு மூணு நாள் தண்ணிக்குள்ளயே கெடந்துச்சு. அடுத்த வருசம் என் தம்பிக்கு ஒரு 125 சிசி வண்டி பாத்தோம், ஒரே ஓனர், பளபளன்னு பாலீஷ் போட்டு நிக்கி, விலை சந்தை ரேட்டைவிட எட்டாயிரம் கம்மி. ஓட்டிப் பாத்தோம், நல்லா இருந்துச்சு, எடுத்துட்டோம். மூணு வாரத்துல ஹாரன் நின்னுச்சு, அப்புறம் செல்ஃப், ஒருநாள் தம்பி முன்னீர்பள்ளம் பக்கத்துல ராத்திரி ஒன்பது மணிக்கு லைட்டே இல்லாம நிக்கான். மேலப்பாளையத்துல நமக்குப் பழக்கமான மெக்கானிக் பாய்கிட்ட தள்ளிட்டுப் போனோம், அவரு ஒண்ணும் பேசாம ஹெட்லைட்டைக் கழட்டி கவுத்தாரு, உள்ள இருந்து காஞ்ச வண்டல் மண்ணு, மாவு மாதிரி, என் உள்ளங்கையில விழுந்துச்சு. ஒயரிங் கனெக்டரை பிரிச்சா செம்புக் காலெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. "தம்பி, இது ஆத்துல குளிச்ச வண்டி, வாங்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா"ன்னாரு. முழு ஒயரிங், வீல் பேரிங், செல்ஃப் மோட்டார் எல்லாம் மாத்தி முடிக்கும்போது கொறைச்சு வாங்குன எட்டாயிரத்தோட மேல ஆறாயிரம் போச்சு. பணம் கூட பரவால்ல, லைட் இல்லாம அந்த ரோட்டுல தம்பி நின்னதை நெனைச்சா இன்னைக்கும் எனக்கு மனசு கேக்காது.

அதனால பழைய வண்டி பாக்கப் போனா பெயின்டைப் பாக்காதீங்க, தண்ணி நின்ன தடம் இருக்கான்னு பாருங்க. சீட்டைக் கழட்டச் சொல்லுங்க. பேட்டரி பக்கத்துல, ஃபியூஸ் டப்பாவுல, ஏர் ஃபில்டர் டப்பாவோட மூலையில செம்மண்ணோ வண்டலோ ஒட்டியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஈரத்துணி வாடை வருதான்னு மோந்து பாருங்க. மீட்டர் கண்ணாடிக்குள்ள ஆவி படிஞ்ச மாதிரி இருந்தா சந்தேகப்படுங்க. இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் பால்கோவா மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. சென்டர் ஸ்டாண்ட் போட்டு சக்கரத்தைச் சுத்தி விட்டா கரகரன்னு சத்தம் வரக்கூடாது. 2020 ஏப்ரலுக்கு மேல வந்த பிஎஸ்6 (புது புகை விதிப்படி செஞ்ச) வண்டின்னா இன்னும் கவனம் வேணும், அதுல ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டரான ஈசியூன்னு கரண்டை நம்பி ஓடுற சாமான் ஜாஸ்தி, தண்ணி பட்டா கார்புரேட்டர் வண்டி மாதிரி தொடைச்சு மாட்டிட முடியாது.

ஆத்துத் தண்ணி ஒண்ணு, கடல் காத்து இன்னொண்ணு. உவரி, இடிந்தகரை, மணப்பாடு, திருச்செந்தூர் பக்கத்து வண்டி மேல பாக்க நல்லாத்தான் இருக்கும், குனிஞ்சு அடியில பாத்தாத் தெரியும், மட்கார்டு உள்பக்கம், சைலன்சர் அடிப்பாகம், ஸ்போக்ஸ் வேரு, இங்கெல்லாம் உப்பு தின்ன தடம் இருக்கும். முக்கியமா முன் ஃபோர்க் ராடை விரல் வச்சுத் தடவுங்க, சின்னச் சின்ன குழி தட்டுப்பட்டா அது ஆயில் சீலை அறுத்துக்கிட்டே இருக்கும், எத்தனை தடவை சீல் மாத்தினாலும் ஒழுகும். கடக்கரை வண்டியே வேண்டாம்னு சொல்லல, தெனமும் நல்ல தண்ணியில கழுவி வச்ச ஆளும் இருக்காவ. வண்டியைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வண்டிய அவங்க வீட்டுல போய், காலையில பாருங்க. "ஸ்டார்ட் பண்ணாம வைங்க"ன்னு மொதநாளே சொல்லிருங்க, போனதும் இன்ஜின்ல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா நமக்கு முன்னாடியே கஷ்டப்பட்டு ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறுன இன்ஜின் எப்படி எடுக்குதுங்கறதுதான் உண்மை. எடுத்ததும் சைலன்சர்ல நீலப்புகை வந்து நிக்காம போனா ஆயில் எரியுது, ரிங் பிஸ்டன் செலவு இருக்கு. கிலோமீட்டர் மீட்டரை நம்பாதீங்க, பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட் ரப்பரை நம்புங்க, 15,000தான் ஓடிருக்குன்னு சொல்ற வண்டியில ரப்பர் மொழுமொழுன்னு தேஞ்சிருந்தா கணக்கு எங்கயோ இடிக்கி. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். வண்டி விழுந்து எந்திச்சதான்னு பாக்க ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, கழுத்துல இடிக்கிற ஸ்டாப்பர் நசுங்கியோ வெல்டிங் வச்சோ இருந்தா முன்பக்கம் பலமா அடி வாங்கிருக்கு, அந்த வண்டி வேண்டவே வேண்டாம். ஓட்டும்போது காலியான ரோட்டுல மெதுவா போய் பிடியை இறுக்காம விடுங்க, ஒரு பக்கமா இழுத்தா ஃபோர்க்கோ சேசிஸோ கோணிருக்கு.

பேப்பர் விசயத்துல வெக்கப்படவே கூடாது, சொந்த மாமன் மச்சான் வண்டியா இருந்தாலும் கேக்கணும். ஆர்சியில உள்ள இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பரை வண்டியில நீங்களே வாசிச்சுப் பாருங்க. ஆர்சியில ஹெச்பி இருந்தா, அதாவது லோன் பேர்ல நின்னா, ஃபைனான்ஸ்காரங்க குடுத்த என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கற சீட்டு), லோன் முடிஞ்சதுன்னு அவங்க கையெழுத்து போட்ட ஃபார்ம் 35ம் கையில வராம முழுப்பணம் குடுக்காதீங்க. அரசாங்கத்தோட பரிவாகன் சைட்டுல வண்டி நம்பரைப் போட்டு ஃபைன் பாக்கி இருக்கான்னு பாத்துக்கிடுங்க, கேமராவுல விழுந்த ஹெல்மெட் ஃபைன் எல்லாம் அதுல வரும். பேர் மாத்த ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கிருங்க. இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும், பழைய ஓனரோட நோ க்ளைம் போனஸ், அதாவது க்ளைம் கேக்காததுக்கு பிரீமியத்துல கெடைக்கிற தள்ளுபடி, நமக்கு வராது.

டிஎன் 72, 76, 69 எதுவா இருந்தாலும் நம்ம மாநிலத்துக்குள்ள சிக்கல் இல்ல. செங்கோட்டை, தென்காசி பக்கம் கேஎல் வண்டி சல்லிசா வருதேன்னு ஆசைப்படுறவங்க மட்டும் யோசிங்க, கேரளா ஆர்டிஓல ஃபார்ம் 28 என்ஓசி வாங்கி, இங்க வரி கட்டி, புது நம்பர் போடணும், அந்த அலைச்சலையும் காசையும் சேத்துப் பாத்தா சல்லிசு காணாம போயிரும்.

விலை பேசுறதுக்கு முன்னாடி அதே மாடல் புதுசு இன்னைக்கு ஆன்ரோடு என்ன விலைன்னு கேட்டுட்டுப் போங்க. 2024ல வாங்குனவர் அன்னைக்கு குடுத்த பழைய வரி விலையை மனசுல வச்சுத்தான் ரேட் சொல்லுவாரு, ஜிஎஸ்டி கொறைஞ்சதுல புதுசே எறங்கி நிக்கும்போது அவரு வண்டியும் எறங்கத்தான் செய்யணும், அதை மரியாதையா எடுத்துச் சொல்லுங்க, அண்ணாச்சின்னு சொல்லியே சொல்லலாம்.

உங்க பழைய வண்டிய விக்கும்போதும் இதே கவனம் இருக்கணும். வெறும் கையெழுத்தைப் போட்டுக் குடுத்துட்டு "அவங்க மாத்திக்கிடுவாங்க"ன்னு இருந்துறாதீங்க, ஆர்சியில யாரு பேரு இருக்கோ அவங்கதான் ஓனர்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, வாங்குனவன் எங்கயாவது ஆளை இடிச்சா நஷ்டஈடு கேஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். பேர் மாறுன ஆர்சியை கண்ணால பாக்குற வரைக்கும் விடாதீங்க.

வாங்குன பழைய வண்டிய வீட்டுக்கு கொண்டு வந்ததும் மொத வேலையா இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஷூ மாத்திருங்க, ரொம்ப நாள் சும்மா நின்ன வண்டின்னா டேங்க்ல உள்ள பெட்ரோலை ஒரு பாட்டில்ல வடிச்சு பத்து நிமிசம் வைங்க, எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணியை இழுக்கும், அடியில தனியா ஒரு கோடு நின்னா மொத்தத்தையும் வடிச்சுட்டு புதுசா ரெண்டு லிட்டர் ஊத்திட்டுத்தான் கிக்கரை மிதிக்கணும்.