நெல்லைச் சீமையில் நெல் வகைகளைத் தேடிப் பதிவு செய்வது எப்படி? தொடக்கநிலை ஆய்வாளருக்கான செய்முறை

எந்த இடத்தில், எந்தத் தண்ணீரில், யாருடைய வயலில் விளைந்தது என்று எழுதப்படாத நெல், எவ்வளவு அரியதாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படாது. ஆகவே பையை நிரப்புவதைவிடக் குறிப்பேட்டை நிரப்புவதற்கே களத்துக்குப் போகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

1. காலமும் அனுமதியும்

தாமிரபரணிப் பாசனத்தில், ஆனி வாக்கில் தொடங்கும் கார், புரட்டாசி, ஐப்பசி வாக்கில் தொடங்கும் பிசானம் என இரு பருவங்கள். பிசானக் கதிர் முற்றும் தை, மாசி மாதங்கள் பயிர் நெல்லைப் பதிவு செய்ய ஏற்றவை. காட்டு நெல் பகற்பொழுது குறையும் காலத்தில் பூத்து, முற்ற முற்ற உதிர்ந்துவிடும் என்பதால், அதனைத் தேடுவோர் ஐப்பசியிலிருந்தே குளங்களைச் சுற்றிவரத் தொடங்க வேண்டும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. ஊருக்குள் சேகரிப்பதற்கும் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் பொருந்துமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

2. நெல்லையும் புல்லையும் பிரித்தறிதல்

கதிர் வருவதற்கு முன் குதிரைவாலிப் புல் நெல்லைப் போலவே நிற்கும். இலையுறையும் இலையும் கூடும் மூட்டை விரித்துப் பாருங்கள்: நெல்லுக்கு அங்கே சவ்வு போன்ற சிறு நாக்கும், இருபுறமும் காது போன்ற மடல்களும் இருக்கும், குதிரைவாலிப் புல்லுக்கு இவ்விரண்டும் இரா. வாய்க்கால் ஓரங்களில் படரும் லீர்சியா என்னும் புல் இன்னும் நெருங்கிய உறவு. ஆனால் நெல்மணியின் அடியில் காணப்படும் இரண்டு சிறு செதில்கள் அதற்கு இல்லை. ஒரு கைலென்சு இருந்தால் போதும்.

3. காட்டு நெல்லைத் தேடும் இடங்கள்

வற்றும் குளத்தின் உள்வாய், மறுகால் (குளம் நிறைந்து வழியும் நீர்) விழும் பள்ளம், சாலையோரக் குட்டை ஆகியவை ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல் வளரத் தக்க இடங்கள். அது ஓராண்டுச் செடி. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் இடத்தில், கணுக்களில் வேர்விட்டுப் பல்லாண்டு வாழ்வது ஒரைசா ரூஃபிபோகன். ஐயம் வந்தால் பூவைப் பிரித்து மகரந்தப்பையை அளந்து பாருங்கள். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் ரூஃபிபோகன், குறைந்தால் நிவாரா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரநிழலில் வால் (மணியின் நுனியில் நீளும் முள்) இல்லாத சிறு மணிகளோடு வளரும் ஒரைசா கிரானுலேட்டா என்னும் காட்டு நெல்லைக் குளக்கரையில் தேடுவது வீண்.

வயலுக்கும் குளத்துக்கும் இடைப்பட்ட வரப்புகளைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். பயிர் நெல்லும் நிவாராவும் ஒரே வகை மரபுத்தொகுதி கொண்டவை. அடுத்தடுத்து நின்றால் கலந்து, நீண்ட வாலும் சிவந்த அரிசியும் உதிரும் குணமும் கொண்ட களை நெல்லைத் தரக்கூடும். உழவருக்கு அது தொல்லை, ஆய்வாளருக்கோ புதையல். அதனைக் காட்டு நெல் என்று எழுதிவிடாமல் தனித் தலைப்பில் பதியுங்கள்.

4. உழவரிடம் கேட்டல்

"அண்ணாச்சி, இந்த நெல்லு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று தொடங்குவது நல்லது, பெயரை மட்டும் கேட்டால் பெயர் மட்டுமே கிடைக்கும். விதை வந்த வழி, வயது, சாயுமா, எந்த மடையில் விளையும், சோற்றுக்கா அவலுக்கா என்று வரிசையாகக் கேளுங்கள். விதையைப் பாதுகாத்து வைப்பவர் ஆச்சியாக இருந்தால் அவரிடமே நேரில் கேட்பது முறை. விளைச்சலைக் கோட்டை என்னும் பழைய நெல் அளவைக் கணக்கில் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குவிண்டாலாக மாற்றுவதை வீட்டில் செய்யலாம். பெயரை வெளியிட அவர்களுக்குச் சம்மதமா என்பதையும் கேட்டுக் குறிக்க வேண்டும்.

5. மாதிரி எடுத்தல்

பயிர் நெல்லாயின் வயல் முழுவதும் பரவலாக நடந்து, ஏறத்தாழ 50 செடிகளிலிருந்து செடிக்கு ஒரு கதிர் எடுங்கள். அழகான கதிர்களை மட்டும் பொறுக்கினால் அந்த வகைக்குள் இருக்கும் வேறுபாடு பையில் வராது. காட்டு நெல்லுக்குக் கதிரின் மேல் மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட்டுச் சில நாள் கழித்து வந்து அவிழ்ப்பதே வழி. அப்போதும் உதிர்ந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம், மிச்சம் குளத்துக்கு. வேரோடு ஒரு செடியைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையிலும் எண், தேதி, ஊர், ஜி.பி.எஸ். அளவு, நீரின் ஆழம் ஆகியவை பென்சிலால் எழுதப்பட்டிருக்க வேண்டும். மை ஈரத்தில் கரைந்துவிடும்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். நெற்பயிரைக் குட்டையாக்கும் புல்வகைக் குட்டை நச்சுயிரி நோய்க்கு எதிர்ப்பைத் தேடிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, பயன்பட்டது உத்தரப் பிரதேசத்தில் எடுக்கப்பட்ட ஒரே ஒரு நிவாரா மாதிரிதான். 1976-இல் வெளியான ஐ.ஆர். 36 ரகத்தில் அந்த எதிர்ப்புக் குணம் உண்டு.

6. உலர்த்தலும் விதைத்துப் பார்த்தலும்

நெகிழிப் பையைத் தவிர்த்து, துணி அல்லது காகிதப் பையில் நிழலில் உலர்த்துங்கள். பின்னர் ஒரு பகுதியை மூடிய சாடியில் பாதுகாத்து, மறுபகுதியை அடுத்த பருவத்தில் சிறு பாத்தியில் விதையுங்கள். ஒப்பிடுவதற்கு அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்தின் அம்பை 16 போன்ற, எல்லோருக்கும் தெரிந்த ரகத்தைப் பக்கத்திலேயே அதே நாளில் விதைக்க வேண்டும். உயரம், தாளின் நிறம், வால், பூக்கும் நாள், உமி நீக்கிய அரிசியின் நிறம் ஆகியவற்றைக் குறியுங்கள். பழைய வகைகளில் பல, பகற்பொழுது குறைந்தால்தான் பூக்கும். அத்தகையதைக் காரில் விதைத்துவிட்டுக் கதிரைக் காணோம் என்று உழுது மடித்துவிடாமல், பிசானத்தில் மறுபடி விதைத்துப் பார்த்த பிறகே அந்தப் பதிவை முடியுங்கள்.