பொட்டாசியம் 2.8, கையில் ஒன்டான்செட்ரான்: மயக்கவியல் பிஜிகள் செய்யும் தவறுகள்

போன வாரம் முதலாண்டு பிஜி (முதுநிலை மருத்துவ மாணவர்) ஒருவர், குடல் அடைப்போடு வந்தவருக்குப் போட, வாந்தியை நிறுத்தும் ஒன்டான்செட்ரானை சிரிஞ்சில் எடுத்துவிட்டார். நோயாளிக்கு நான்கு நாளாக வாந்தி, ரத்தத்தில் பொட்டாசியம் 2.8, மிகக் குறைவு. "வாந்தி நிற்கட்டும்னுதான் மேடம்" என்றார். என் முதலாண்டில் நானும் இதையே செய்தேன். டோஸ் கணக்கு, அலர்ஜி எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொட்டாசியம் குறைந்தால் சேனல் வேகமாக ஓடும் என்று நினைப்பது

செல்லின் உள்ளும் வெளியும் உள்ள அயனி அளவிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ் சமன்பாட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வெளியே பொட்டாசியம் குறைந்தால் உள்ளிருந்து அதிகம் வெளியேற வேண்டும், இதயத் தசை சீக்கிரம் ஓய்வுக்குத் திரும்ப வேண்டும். இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியான ஹெர்க் சேனலில் நடப்பது நேர்மாறு. வெளியே பொட்டாசியம் குறையக் குறைய அது இன்னும் வேகமாகச் செயலிழக்கிறது. மின்னோட்டம் சுருங்கி க்யூடி, அதாவது ஈசிஜியில் கீழறை தூண்டப்பட்டு ஓய்வுக்குத் திரும்பும் வரையிலான நேரம், நீள்கிறது. அதன் உட்குழியில், ஒன்டான்செட்ரான் உட்பட, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மருந்துகளும் போய் அடைத்துக்கொள்ளும்.

என் முதலாண்டு நோயாளிக்கு வார்டில், க்யூடியை நீட்டக்கூடிய ஆண்டிபயாடிக்கான லெவோஃப்ளாக்சசின் போயிருந்தது. நான் 4 மி.கி. ஒன்டான்செட்ரான் போட்டு, செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில் ஆழப்படுத்தினேன். சில நிமிடத்தில் மானிட்டர் அலைகள், பிழிந்த வேட்டி போல முறுக்கிக்கொண்டு சுழன்றன. டார்சாட்ஸ், உயிரைப் பறிக்கக்கூடிய இதயத் துடிப்புக் கோளாறு. 2 கிராம் மக்னீசியம் சல்ஃபேட் போன பிறகே சீரானது. காலையில் எடுத்த ஈசிஜியை அப்புறம்தான் அளந்தேன்: க்யூடிசி (துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூடி) 510 மில்லிசெகண்ட், ஆபத்தான அளவு. மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாள் அது, அதில் ஒன்று என்னுடையது.

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஒவ்வொரு மருந்தும் தனியாகப் பார்த்தால் சாது. ஆளுக்கு ஒன்றாக எழுதுகிறோம், கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. டெர்ஃபெனடினும் தும்மலுக்கான மாத்திரைதான். கூட பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் சேர்ந்தால் கல்லீரல் அதைச் சிதைக்க முடியாமல் ரத்தத்தில் தேங்கி ஹெர்க்கை அடைத்தது. 1998-ல் அமெரிக்கச் சந்தையை விட்டே போனது.

மயக்க வாயு எல்லா சேனலையும் ஒரே மாதிரி நடத்தும் என்று நினைப்பது

மூளையில் பொட்டாசியத்தை வெளியே விடும் ட்ரெக்-1 சேனலைத் திறந்து நரம்பை அடக்கும் அதே செவோஃப்ளூரேன், இதயத்தில் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைத்து க்யூடியை நீட்டும்.

மெஷின் அச்சடித்த க்யூடிசியை நம்புவது

நம்பாதீர்கள். ஈசிஜியின் லீட் 2-ல் நீங்களே அளங்கள்.

பொட்டாசியத்தை மட்டும் ஏற்றுவது

பொட்டாசியத்தைச் சிறுநீருக்குள் விடும், சிறுநீரகத்தின் ரோம்க் சேனலை உள்ளிருந்து அடைத்து வைப்பது மக்னீசியம். அது குறைவாக இருந்தால் நீங்கள் ஏற்றுவதெல்லாம் சிறுநீர்ப் பையில்தான் சேரும்.

அந்த பிஜி சிரிஞ்சைக் கீழே வைத்தார். மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் பச்சையாக வந்தது, வாந்தி நின்றது. பொட்டாசியம், மக்னீசியம் இரண்டையும் சேர்த்து ஏற்றினோம். மறுநாள் காலை பொட்டாசியம் 3.6.